பழைய இன்ஜினே போதும்

திருவண்ணாமலை
20.1.2025

அன்பு மகள் ரூபீனாவுக்கு அப்பா ஜானி பாஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், ஆனாலும் சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறிவிடுகின்றன, சில கீழே தொங்குகின்றன. ஐம்பது வருடம் ஸ்பேனர் பிடித்த கை. பேனாவையும் அப்படியே முறுக்கிப் பிடிக்கிறது. காலை டீ குடித்துவிட்டு உட்கார்ந்தேன். இப்போது லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, இவ்வளவுதான் முடிந்திருக்கிறது.

நான் நலம். நீயும் மாப்பிள்ளை சாகிலும் நலமா? மலையில் குளிர் எப்படி இருக்கிறது?

யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்பாய். நானேதான். ஆறு மாதமாக நகராட்சிப் பள்ளியில் சாயந்திரம் முதியோர் வகுப்புக்குப் போகிறேன். உன்னிடம் சொல்லவில்லை. ஒரேயடியாகக் கடிதமாகக் காட்ட வேண்டும் என்று இருந்தேன். டீச்சர் பெயர் எழிலரசி. எல்லாவற்றையும் போர்டில் பெரிதாக எழுதுவார். நான் முதல் வரிசை. வீட்டில் நாம் உருது பேசினாலும் நீ பள்ளியில் படித்தது தமிழ். எனக்கும் இப்போது தமிழ் வந்துவிட்டது.

நேற்று பஸ் ஸ்டாண்டில் நின்று எல்லா பஸ் போர்டையும் படித்தேன். கீழ்பென்னாத்தூர் என்று படித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஓடிப்போய் மீதியைப் படித்தேன். கண்டக்டர் ஏறுவதா இல்லையா என்று கையைக் காட்டினார். நான் சிரித்தேன்.

கட்டிலும் அடுப்பும் வைத்த கேரவன் வண்டி வாங்கப்போவதாக நீ வந்தபோது சொன்னாய். நான் பார்த்துத் தருகிறேன். என்ன வேண்டும் என்று விவரமாக எழுது. போன் செய்யாதே, என் போன் கெட்டுவிட்டது. இனி அதைச் சரிசெய்யப் போவதும் இல்லை.

விரல் வலிக்கிறது. இந்த வலி நன்றாக இருக்கிறது.

உன் அப்பா
ஜானி பாஷா

---

ஏற்காடு
29.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

நலமாக இருக்கிறோம். தபால்காரர் உறையைக் கொடுத்தபோது எஸ்டேட்டிலிருந்து ஏதோ நோட்டீஸ் என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டேன். அவரிடம் மூன்று தடவை படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மாமா எழுத்து நம்ம மலை ரோடு மாதிரி இருக்குது. இருபது ஹேர்பின்னும் இருக்குது. ஆனா வண்டி எங்கயும் கவுரல."

அப்பா, விவரம் கேட்டீர்கள். ஓட்டிப்போன எஸ்டேட் லாரி கவிழ்ந்து கழுத்தெலும்பு உடைந்ததிலிருந்து அவருக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே வியர்வையும் வராது என்பதை நான் உங்களிடம் சொன்னதில்லை. வெயில் ஏறினால் நமக்கு வியர்த்து உடம்பு ஆறும். அவர் உடம்பு தகரம் மாதிரி சூடாகிக்கொண்டே போகும். அதனால்தான் இந்தக் குளிர்ந்த மலையை விட்டு எங்களால் இறங்க முடியவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் நான்கைந்து நாள் இருந்தாக வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கிறவருக்கு லாட்ஜில் அறை தருவதில்லை. போன வருடம் ஆம்புலன்ஸில் போகும்போது வழியில் ஏசி நின்றுவிட்டது. அரை மணி நேரம்தான். ஜுரம் நூற்று நான்கு.

வண்டியில் ஏசி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஏசி ஓடுவது இன்ஜினில். அதனால் எனக்கு வேண்டியது நிற்காத இன்ஜின். கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உங்கள் ஊரிலேயே இரண்டு வண்டி விற்பனைக்கு இருப்பதாகப் புரோக்கர் சொன்னார். ஒன்று நீல வேன், ஒன்று வெள்ளை வேன். எந்த இன்ஜின் நல்லது என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்
ரூபீனா

---

திருவண்ணாமலை
10.2.2025

அன்பு மகளுக்கு ஸலாம். நான் நலம். இருமல் கம்மி. மாப்பிள்ளைக்கு என் துஆ.

உன் கடிதத்தை யார் உதவியும் இல்லாமல் படித்தேன். ஒரு நாள் ஆனது. வியர்வை என்ற இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வண்டியும் பார்த்தாயிற்று. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரருடையது நீல வேன். 2012 மாடல். இரண்டு வருடம் அதிலேயே ஊர் ஊராகப் போயிருக்கிறார். இப்போது நாட்டுக்குத் திரும்புகிறார். வெள்ளை வேன் 2021 மாடல், வேலூர் ரோட்டில் நிற்கிறது.

வெள்ளை வேனைப் பற்றி முதலில் சொல்கிறேன். புது மாதிரி டீசல் இன்ஜின். எல்லாம் கம்ப்யூட்டர். சக்தி ஜாஸ்தி, மேடு ஏறினால் தெரியாது, புகை இல்லை, ஆட்டம் இல்லை, டீசலும் கம்மியாகக் குடிக்கும். ஆனால் புகையைச் சுத்தம் செய்ய சைலன்ஸரில் ஒரு ஃபில்டர் வைத்திருக்கிறார்கள். தனியாக யூரியா தண்ணீர் ஊற்ற ஒரு தொட்டி. நீ ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி ஏசிக்காக மணிக்கணக்கில் இன்ஜினை ஓட விட்டால் அந்த ஃபில்டரில் கரி அடைக்கும். விளக்கு எரியும். அதற்கு மேல் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகும். லேப்டாப்போடு கம்பெனி ஆள் வர வேண்டும். நடு வழியில் யார் வருவார்கள்?

நீல வேன் பழைய மாதிரி. கம்ப்யூட்டர் கிடையாது. டீசல் பம்பு, டீசலைப் பீய்ச்சுகிற நாசில், அவ்வளவுதான். புகை கொஞ்சம் வரும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். கட்டில் ஆடும். ஆனால் நாள் முழுக்க நின்ற இடத்தில் ஓடினாலும் கோபித்துக்கொள்ளாது. எந்த ஊர் மெக்கானிக்கும் இரண்டு ஸ்பேனரை வைத்துக்கொண்டு கிளப்பிவிடுவான். இந்த மாதிரி இன்ஜினை நான் எத்தனை இறக்கி ஏற்றியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

என்னைக் கேட்டால் பழைய இன்ஜினே போதும். உன் எண்ணத்தை எழுது. இந்தக் கடிதத்தில் அடித்தல் ஐந்துதான், பார்த்தாயா?

அப்பா

---

ஏற்காடு
18.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு ஸலாம். இங்கே எல்லோரும் நலம். இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள்.

வெள்ளை வேனில் ஆட்டம் இல்லை என்றீர்கள். அதனால் என் மனம் அந்தப் பக்கம்தான் போனது. ஆடினால் அவருக்குக் கால் வெட்டி வெட்டி இழுக்கும். ஆனால் அவர் உங்கள் பக்கம். "ஃபில்டர் அடைச்சி எங்க எஸ்டேட் வண்டி எத்தினி வாட்டி நின்னுச்சின்னு எனக்குத் தெரியும். கால் இழுத்தா இழுத்துட்டுப் போவுது. மாமா சொல்றதுதான் சரி" என்கிறார்.

சரி அப்பா, நீல வேனே இருக்கட்டும். ஒரே ஒரு கேள்வி. வாங்குவதற்கு முன்னால் உங்களோடு வேலை பார்த்த பரசுராமன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போகலாமே? அடியில் படுத்துப் பார்க்கிற வேலையை அவர் செய்யட்டும். இந்த வயதில் நீங்கள் படுத்து எழுந்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

ரூபீனா

---

திருவண்ணாமலை
2.3.2025

அன்பு மகளுக்கு ஸலாம். இன்று முதல் நோன்பு. நலமாக இருக்கிறேன்.

வண்டி முடிந்தது. அடுத்த வாரம் உங்கள் டிரைவர் பாலாஜி வந்து எடுத்துக்கொள்ளலாம்.

நீ சொன்னபடி பரசுராமனைக் கூப்பிட நினைப்பதற்கு முன்பே அவனே செங்கம் ரோட்டில் வந்து நின்றான். சும்மா அந்தப் பக்கம் வந்தேன் என்றான். நான் இன்ஜினை ஓட விட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

"இன்னா பாய், காதுல வெக்காம பல்லுல வெக்கிற?" என்றான்.

"காது பக்கத்து வூட்டு சத்தத்தையும் கேக்கும்டா. பல்லு இன்ஜினை மட்டும்தான் கேக்கும்" என்றேன்.

வெள்ளைக்காரர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது சிலிண்டரில் ஒரு சின்னத் துள்ளல் இருந்தது. அதற்குப் போகும் டீசல் பைப்பைத் தளர்த்தினேன். துள்ளல் அடங்கியது. நாசில் கோளாறுதான் என்று முடிவு செய்து புது நாசில் போட்டேன். பரசுராமன் விடவில்லை. "அடியில ஆயில் சம்ப்பைக் கழட்டி ஒரு வாட்டி பேரிங்கைப் பாத்துடலாம் பாய். ரெண்டு மணி நேர வேலை. நான் கழட்டுறேன், நீ உக்காரு" என்றான். ஆயில் நிற்கிற தட்டு அது. அதைக் கழற்றினால் இன்ஜினின் வயிறு தெரியும்.

"ஐம்பது வருசமா சம்ப்பைக் கழட்டாமலே சொல்ற ஆளு நான். என் காது போதும், நீ போ" என்றேன். பாவம், முகம் சுருங்கிப் போனான். கொஞ்சம் தள்ளிப்போய் யாரிடமோ போன் பேசிவிட்டு வந்தான். அப்புறம் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டான்.

ரூபீனா, வண்டியில் என்ன மாற்றம் தெரிந்தாலும் எனக்கு எழுது. பரசுராமனுக்கோ வேறு யாருக்கோ போன் செய்யாதே. சத்தம் எப்படி, எந்த இடத்தில், எந்த வேகத்தில் என்று எழுதினால் நான் இங்கிருந்தே சொல்லிவிடுவேன். உன் கடிதம் வருவது எனக்குப் பெருநாள் மாதிரி.

அப்பா

---

ஏற்காடு
5.5.2025

அன்புள்ள அப்பாவுக்கு ஸலாம்.

இரண்டு மாதம் எழுதவில்லை, கோபம் வேண்டாம். நோன்பு, பெருநாள், நடுவில் இரண்டு முறை வேலூர். வண்டி நன்றாகப் போய் வந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொண்டோம். ஐந்து நாளும் ஏசி நிற்கவில்லை. என் கையாலேயே சமைத்தேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னல் இருக்கிறது அப்பா. நான்கு வருடமாகக் கூரையைப் பார்த்தவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். எதிரில் வருகிற ஒவ்வொரு லாரியையும் திட்டினார். "டிம் பண்றானா பாரு", "லோடு எப்படிக் கட்டியிருக்கான் பாரு." பாலாஜிக்குச் சிரித்துச் சிரித்து ஓட்ட முடியவில்லை.

போன வாரத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது. நீங்கள் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இல்லை. சூடான பிறகு, மேடு ஏறும்போது, அடியிலிருந்து வருகிறது. கூர்மையாக இல்லை, கனமாக இருக்கிறது. மரக்கதவைக் கை மூடித் தட்டுகிற மாதிரி. ஆக்ஸிலேட்டரை விட்டால் குறைகிறது. ஆயில் விளக்கு ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்தது. இங்கே ஒரு மெக்கானிக், பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்றார். பரசுராமன் அண்ணனுக்குப் போன் செய்யட்டுமா என்று கேட்டேன். இவர் வேண்டாம், மாமா சொல்லட்டும் என்கிறார்.

அடுத்த பயணம் 15ஆம் தேதி வியாழக்கிழமை. அதற்குள் பதில் வந்துவிடும். வரவில்லை என்றால் பயப்பட ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அங்கே வெயில் எப்படி? வெளியில் அலையாதீர்கள்.

ரூபீனா

---

திருவண்ணாமலை
11.5.2025

அன்பு மகள் ரூபீனாவுக்கு அப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கே வெயில் ஜாஸ்தி. சித்ரா பௌர்ணமிக்கு ஊர் நிறைய ஜனம்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது.

நீ எழுதியது நாசில் சத்தம் இல்லை. அது பேரிங். இன்ஜினுக்கு உள்ளே கிராங் என்கிற சுழல் தண்டைப் பிடித்திருக்கிற பேரிங் தேய்ந்துவிட்டது. வண்டியை எடுக்காதே. ஸ்டார்ட் கூடச் செய்யாதே. மேட்டில் போனால் இன்ஜின் இறுகி நின்றுவிடும். 15ஆம் தேதிக்கு வேறு வண்டி ஏற்பாடு செய். நான் பரசுராமனோடு அங்கே வந்து சரிசெய்து தருகிறேன்.

வண்டியை எடுக்காதே.

அப்பா ஜானி பாஷா

---

ஏற்காடு
20.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு ஸலாம்.

உடம்பு எப்படி இருக்கிறது? நான் இருக்கிறேன். நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருப்பதால் வெளியே போவதில்லை. அவர் கட்டில் இருந்த இடத்தில் தையல் மெஷினைப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் மையத் அடக்கத்துக்கு வந்து மூன்று நாள் இருந்தீர்கள். வாசலில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். நான் உள்ளேயே இருந்துவிட்டேன். நடந்ததை யார் உங்களிடம் முழுதாகச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சேலம் தாண்டி அரூர் போகும் வழியில் மஞ்சவாடிக் கணவாய். காலை பதினொன்றரை மணி. ஏற்றத்தில் சத்தம் பெரிதாகியது. பாலாஜி கியரை மாற்றுவதற்குள் அடியில் இடி மாதிரி ஒன்று. ரோட்டில் ஆயில் கொட்டியது. ஏசி நின்றது. போனில் சிக்னல் இல்லை. பாலாஜி ஒரு பைக்கை நிறுத்தி ஏறிப் போனான்.

வண்டிக்குள் பத்து நிமிடம்கூட இருக்க முடியவில்லை. லாரிக்காரர்கள் இரண்டு பேர் நிறுத்தி, அவரைத் தூக்கிப் புளியமரத்தடியில் படுக்க வைத்தார்கள். குடிதண்ணீர் எல்லாவற்றையும் அவர் மேல் ஊற்றினேன். லாரியில் இருந்த தண்ணீரையும் ஊற்றினார்கள். என் புடவையை நனைத்துப் போட்டேன், அது உடனே காய்ந்தது. காற்றே நெருப்பாக இருந்தது. அவர் முகம் மட்டும் வியர்த்தது. "நல்ல எடமாப் பாத்துத்தான் நின்னிருக்குது மாமா வண்டி. மரம் இருக்குது பாரு" என்றார். அப்புறம் என்னை அடையாளம் தெரியாமல் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸ்காரர்கள் எவ்வளவோ வேகமாகத்தான் வந்தார்கள். அரூர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

வண்டியை இழுத்துப் போன மெக்கானிக் பேரிங் போய்விட்டது என்றார். வாங்கும்போதே இருந்திருக்குமா என்று கேட்டேன்.

சத்தத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். அது உங்களுக்குக் கிடைக்கவில்லையா? கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும் அப்பா.

ரூபீனா

---

திருவண்ணாமலை
13.7.2025

ரூபீனாவுக்கு ஸலாம்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதினேன். எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்தேன்.

கிடைத்தது. மே 9, வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்தபோது கதவுக்குக் கீழே கிடந்தது. சத்தத்தைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்ததுமே பேரிங் என்று தெரிந்துவிட்டது. மரக்கதவு என்று எழுதியிருந்தாய். நாசில் சத்தம் தகரத்தில் ஆணி விழுவது போல இருக்கும். வாங்குகிற அன்றைக்கே அந்தக் கனமான சத்தம் இருந்திருக்கும். பல்லில் இரண்டும் ஒரே துள்ளல்தான். காதுதான் பிரித்துச் சொல்லும்.

எனக்குக் காது கேட்காது ரூபீனா. மூன்று வருடம் ஆகிறது. பரசுராமன் எப்போதும் கத்திப் பேசுகிறவன், அதனால் அவன் பேச்சு கொஞ்சம் விழும். மற்றவர்களுக்கு வாயைப் பார்த்துச் சமாளிப்பேன். போனில் ஒன்றுமே விழாது. போன் கெடவில்லை. நான் எழுத்துப் படிக்கப் போனது ஆசைக்காக இல்லை. யாருக்கும் தெரியாமல் உன்னோடு பேச எனக்கு வேறு வழி இல்லை. அப்புறம்தான் அதில் ஆசை வந்தது. காதை நம்பித்தான் ஊரே என்னிடம் வண்டியைக் கொண்டுவந்தது. அது போய்விட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமையே யாரையாவது விட்டு உனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கலாம். எழிலரசி டீச்சர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். வாசல் வரை போய் நின்றேன். நீங்களே பேசுங்கள் என்று போனை என் கையில் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று திரும்பிவிட்டேன். வந்து எழுத உட்கார்ந்தேன். சனிக்கிழமை முடிந்தது. எடுக்காதே என்பதை மூன்று இடத்தில் தப்பாக எழுதி அடித்திருந்தேன். டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி, ஸலாம், நலம், பிறகு விஷயம் என்று மறுபடி முதலிலிருந்து எழுதினேன். அடித்தல் இல்லாமல் சுத்தமாக உனக்கு வர வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு ஞாயிறு போனது. திங்கள் பௌர்ணமி, தபால் ஆபீஸ் விடுமுறை. செவ்வாய்க்கிழமை போட்டேன். வியாழனுக்குள் போய்விடும் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயந்திரம் பரசுராமன் வந்தான். கத்தவில்லை. போனில் எழுதிக் காட்டினான். சாகில் போயிட்டார் பாய் என்று இருந்தது. போனில் நான் படித்த முதல் செய்தி அதுதான்.

மூன்றாம் நாள் உன் வாசலில் உட்கார்ந்திருந்தபோது தபால்காரர் வந்தார். என் கடிதத்தை என் கையிலேயே கொடுத்தார். அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். நீ கதவருகே வந்து ஏதோ கேட்டாய். யார் வந்தது என்று கேட்டிருப்பாய். நான் யாரும் இல்லை என்று தலையாட்டினேன்.

அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. அது உன்னுடையது.

ஜானி பாஷா

---

ஏற்காடு
25.9.2025

அப்பாவுக்கு ஸலாம்.

இத்தா முடிந்தது. அதற்காக நான் காத்திருக்கவில்லை. எழுத முடியவில்லை.

நீங்கள் அனுப்பிய அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். கோடு தாண்டாமல் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்து எனக்கு வந்த கோபம் அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். இரண்டு மாதம் உங்கள் பெயரைச் சொல்லாமல் இருந்தேன்.

இப்போது நானும் சொல்ல வேண்டும். உங்களுக்குக் காது கேட்காது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்னால் பெருநாளுக்கு நான் அங்கே வந்தபோது குக்கர் ஏழு விசில் அடித்தது. நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். ஊருக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவருக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. "அவரா சொல்ற வரிக்கும் நீ வாயைத் தொறக்காத. அந்த மனுசனுக்கு அது ஒண்ணுதான் இருக்குது" என்றார்.

பரசுராமன் அண்ணன் செங்கம் ரோட்டுக்குச் சும்மா வரவில்லை. நான்தான் போன் செய்து அனுப்பினேன். நீங்கள் வேண்டாம் என்றதும் அவர் தள்ளிப்போய்ப் பேசினாரே, என்னிடம்தான். "தங்கச்சி, உங்கப்பாவுக்கு சுத்தமா கேக்கல. சம்ப்பைக் கழட்டியே ஆவணும். நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் சண்டை போட்டுனாவது கழட்டிடறேன்" என்றார். நான்தான், விட்டுவிடுங்கள் அண்ணா, அவர் மனசு நொந்துவிடும் என்றேன்.

ஒரு வார்த்தைதான் கேட்டார். அதை நான் சொல்லவில்லை.

அதனால் உங்களை மன்னித்தேன் என்று எழுத எனக்கு இடம் இல்லை. மன்னிக்கவும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் எழுதலாம். ஆனால் மறுபடி மறுபடி எழுதிச் சுத்தம் செய்து அனுப்பாதீர்கள். அடித்தது அடித்தபடி வரட்டும். என்றைக்கு எழுதுகிறீர்களோ அன்றைக்கே தபாலில் போடுங்கள்.

அரூரில் நிற்கிற வண்டியை என்ன செய்வது என்று எழுதுங்கள்.

ரூபீனா

---

திருவண்ணாமலை
6.10.2025

ரூபீனாவுக்கு.

ஸலாமும் நலமும் கடைசியில் எழுதுகிறேன். விஷயம் முதலில்.

உன் கடிதம் பத்து மணிக்கு வந்தது. இப்போது பதினொன்றரை. ஒரு மணிக்குத் தபால் எடுப்பார்கள்.

வண்டியை எடைக்குப் போட்டுவிடு. நான் போன மாதமே பரசுராமனோடு அரூர் போய்ச் சம்ப்பைக் கழற்றிப் பார்த்தேன். உன்னிடம் கேட்காமல் போனது தப்பு. இரண்டு மணி நேர வேலை என்று அன்று அவன் சொன்னது சரிதான். மூன்றாவது சிலிண்டரின் பேரிங் தேய்ந்து, உடைந்து, வெளுப்பெல்லாம் போய்ச் செம்பு நிறமாக இருந்தது. ஒரு துண்டைக் கொண்டுவந்திருக்கிறேன். விரல் நகம் அளவு. அந்த இன்ஜினை வேறு யாரும் வேறு வண்டியில் ஏற்றக் கூடாது. நீல வேனை விற்காதே, உடைக்கச் சொல்.

குக்கர் ஏழு விசில் என்று படித்தேன். அன்றைக்கு வெங்காயம் உரித்தது நினைவு இருக்கிறது. மாப்பிள்ளை தெரிந்துகொண்டே மாமா சொல்லட்டும் என்றார் என்பதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அட்டையில் ஒன்று எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். எனக்குக் காது கேட்காது, எழுதிக் காட்டவும் என்று. டீக்கடையில் காட்டினேன். கடைக்காரர் அருணாதேவி பேனாவை எடுத்து, தெரியும் பாய் என்று எழுதிக் கொடுத்தார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இந்தத் தாளில் அடித்தல் எத்தனை என்று எண்ணவில்லை. ஒரு இடத்தில் தண்ணீர் பட்டு மை பரவிவிட்டது. அப்படியே அனுப்புகிறேன்.

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இருக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா? பதில் எழுத வேண்டும் என்று இல்லை. தபால்காரர் கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொள், பிரிக்காவிட்டாலும் சரி. அடுத்த திங்கள்கிழமையும் உட்கார்ந்து எழுதுவேன், அன்றைக்கே போட்டுவிடுவேன்.

அப்பா